கீர்த்தி உட்கார்ந்திருந்த படம்

புனேயில் தாபோடி ரயில் பாதைக்குப் பின்னால் இருக்கும் அந்தச் சந்தில், பால்காரன் வருவதற்கு முன்பே அடுப்பு பற்றிக்கொள்வது ருக்மிணி வீட்டில்தான். போசரி கம்பெனிகளுக்கு முதல் ஷிப்டு போகிற ஆட்களுக்கு அவள்தான் டப்பா கட்டுகிறாள். சப்பாத்தி, ஒரு காய்கறி பாஜி, முளைகட்டின மட்கிப் பயறில் உசல் குழம்பு, கூடவே ஒரு துண்டு வெங்காயம். பக்கத்து வீட்டு வைஷாலி வந்து சப்பாத்தி தேய்ப்பாள், ருக்மிணி சுட்டு எடுப்பாள். கை பாட்டுக்கு வேலை பார்க்க, வாய் பாட்டுக்கு மராத்தியில் ஊர்க்கதை ஓடும். இந்த மே மாசம் கதை எதுவும் ஓடவில்லை. உள் அறையில் மூன்று தலையணையை அடுக்கிச் சாய்ந்தபடி தவசீலன் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார். அந்தச் சத்தம் அடுப்படி வரைக்கும் கேட்டது.

தவசீலன் அவள் புருஷன். போசரியில் ஒரு பட்டறையில் லேத் ஓட்டியே காலத்தைக் கழித்தவர். இருதயம் வீங்கி, கால் இரண்டும் வீங்கி, ஆஸ்பத்திரியில் இருந்து 'இனிமே வீட்டுலயே வச்சுப் பாத்துக்குங்க' என்று அனுப்பிவிட்டார்கள். அதற்கு என்ன அர்த்தம் என்று யாரும் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. ஒரு பக்கம் ஊருக்கெல்லாம் உசலில் மசாலாவை அள்ளிப் போட்டுவிட்டு, மறுபக்கம் அவருக்கு உப்பில்லாத கஞ்சி காய்ச்சுவாள். அவரும் குறை சொல்லாமல் குடிப்பார். குறை சொல்லுகிற பழக்கமே அந்த மனுஷனுக்கு இல்லை. ருக்மிணிக்கு அவர் மேல் இருந்த கோபங்களில் அதுவும் ஒன்று.

அப்படிப்பட்டவர் வாய் திறந்து ஒன்று கேட்டுவிட்டார்.

"ஞாயித்துக்கெழம சபையில கடைசிப் படம் எடுக்கறாங்க. என்னைத் தூக்கிக்கினு போவச் சொல்லு. நீயும் வந்து நில்லு, ருக்கு."

அவள் கஞ்சிக் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

சபை என்றதும் உயரக் கோபுரம், மணிக்கூண்டு என்று நினைத்துவிட வேண்டாம். தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம், தகரக் கூரை போட்ட ஒற்றை ஹால். வெள்ளைக்காரன் காலத்தில் பட்டாளத்துக் கிடங்கில் வேலை பார்க்க மதராஸிலிருந்து வந்த சில தமிழ்க் குடும்பங்கள் கட்டினது. யூனிட்டேரியன்காரர்கள். கடவுள் ஒருத்தர்தான், ஏசு நல்ல மனுஷன், அவரைக் கும்பிடக் கூடாது, அவர் சொன்னபடி நடந்தால் போதும் என்பது அவர்கள் கட்சி. பேரைக்கூட மாற்றிக்கொள்ளவில்லை, ருக்மிணி ருக்மிணியாகவே இருந்தாள். கடக்கியில் இருந்த மற்ற கிறிஸ்தவர்கள் இவர்களை 'ஒண்டிச்சாமி சபை' என்று கேலி பேசுவார்கள். ஹாலில் சிலுவை கிடையாது, சொரூபம் கிடையாது. சுவர் பூராவும் படங்கள்தான். வருஷத்துக்கு ஒரு படம்.

அந்தப் படத்தில்தான் எல்லாமே இருந்தது. சபை ஆரம்பித்த நாளை ஒட்டி வருகிற மே மாசத்து ஞாயிற்றுக்கிழமையில், ஹால் வாசலில் எல்லாரும் நின்று ஒரே படமாக எடுத்துக்கொள்வார்கள். அதுதான் அவர்களுக்கு ஆள் கணக்கு. படத்தில் இருக்கிறவர் அந்த வருஷம் சபையில் இருக்கிறார், இல்லாதவர் இல்லை. அதனால் காய்ச்சல்காரர்களைக் கட்டிலோடு தூக்கி வருவார்கள். பிரசவமான பெண்ணைக் கம்பளி போர்த்தி உட்கார வைப்பார்கள். இன்னொரு சட்டமும் உண்டு. யாரையும் தனியாகப் படம் எடுக்கக் கூடாது. தனிப்படம் இருந்தால் செத்த பிறகு மாலை போடத் தோன்றும், மாலை போட்டால் கும்பிடத் தோன்றும், கும்பிட ஆரம்பித்தால் ஒண்டிச்சாமிக்குத் துணைச்சாமி வந்துவிடும் என்று பெரியவர்கள் பயந்தார்கள். ரேஷன் கார்டுக்கும் வேலைச் சீட்டுக்கும் மட்டும் சபை கண்ணை மூடிக்கொண்டது. நல்ல சட்டம்தான். பிள்ளையைப் பறிகொடுக்காதவர்களுக்கு நல்ல சட்டம்.

ருக்மிணி பறிகொடுத்தவள். கீர்த்தி. நாலு வயசு, பள்ளிக்கூடத்துக்கே போகாத பிள்ளை. தொண்ணூற்றெட்டாம் வருஷம் படம் எடுக்கிற அன்றைக்கு அவனுக்கு உடம்பு அனலாய்க் கொதித்தது. வேண்டாம், வீட்டிலேயே இருக்கட்டும் என்று அவள் சொன்னாள். தவசீலன் அப்போது சபைக் காரியதரிசி, சபை நடத்துகிற ஊழியருக்குப் பக்கத்து நாற்காலிக்காரர். "படத்துல இல்லாங்காட்டி இந்த வருஷம் அவன் சபையிலயே இல்லன்னு ஆயிடும்" என்று சொல்லித் துணியைச் சுற்றித் தூக்கிக்கொண்டு போனார். கடக்கி பஜார் ஸ்டுடியோக்காரன் தாமதமாக வந்தான். வெயில் மண்டையைப் பிளந்தது. பெண்கள் வரிசையில் கடைசியில் நின்ற ருக்மிணிக்கு முன்னால் ஏழெட்டுத் தலைகள், பிள்ளை எங்கே என்றுகூடத் தெரியவில்லை. அந்த வாரமே மூளைக்காய்ச்சல் என்று சொல்லி ஆஸ்பத்திரியில் அவனை வெள்ளைத் துணியில் சுற்றிக் கொடுத்தார்கள். வெயிலுக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லையம்மா என்று டாக்டர் எவ்வளவோ சொன்னார். அவள் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை.

அதோடு சரி. ருக்மிணி சபைப் படி மிதிக்கவில்லை. சபைப் பேச்சை இந்த வீட்டில் யாரும் எடுக்கக் கூடாது என்று சொல்லிவிட்டாள். எடுத்தவர்களை வாசலோடு அனுப்பினாள். கீர்த்தி பேரையும் யாரும் சொல்லவில்லை. அதற்கு முன்னால் புருஷனைக் 'கீர்த்திப்பா' என்று கூப்பிட்டவள், பிறகு எப்படியும் கூப்பிடவில்லை. "இதோ", "தண்ணி வச்சிருக்கு", "டாக்டர் வரச் சொன்னார்". பேரே இல்லாமல் ஒரு மனுஷனோடு இவ்வளவு வருஷம் குடித்தனம் நடத்த முடியுமா என்று கேட்டால், முடியும். ஒவ்வொரு மே மாசமும் அவர் சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு படத்துக்குக் கிளம்பிப் போவார். பிள்ளையைக் கொன்ற இடத்தில் போய் நாற்காலி போட்டு உட்கார மனசு வருகிறதே என்று அவள் உள்ளுக்குள் எரிவாள். அன்றைக்குச் சமைக்க மாட்டாள். அவரும் வாசலில் விற்கிற வடாபாவ் இரண்டை வாங்கித் தின்றுவிட்டுப் படுத்துக்கொள்வார்.

இப்போது குத்தகை முடிந்து நிலக்காரர் ஹாலை இடிக்கப் போகிறார். சபையில் மிச்சமிருப்பதே ஒரு வேன் கொள்கிற ஆட்கள். படங்களை எல்லாம் கழற்றி, கம்ப்யூட்டரில் ஏற்றி, அசலை வெளிநாட்டில் இருக்கிற இதே மார்க்கத்துக்காரர்களின் காப்பகத்துக்கு அனுப்பப்போவதாக ப்ரீத்தி வந்து சொன்னாள். பழைய ஊழியரின் பேத்தி, ஹிஞ்சவாடியில் கம்ப்யூட்டர் வேலை. தமிழ் தடுக்கித் தடுக்கித்தான் வரும். வாசலில் நின்றபடி தவசீலனிடம் சொன்னது அடுப்படியில் இருந்த ருக்மிணி காதிலும் விழுந்தது. தோசைக்கல்லில் சப்பாத்தி கருகியது. வைஷாலிதான் ஓடி வந்து திருப்பினாள்.

ருக்மிணி யாரிடமும் சொல்லாத ஒன்று இருந்தது. அவளுக்குப் பிள்ளையின் முகம் மறந்துகொண்டே வந்தது. குரல் இருந்தது, தலையில் தேய்த்த எண்ணெய் வாசனை இருந்தது, இடுப்பில் வைத்த கனம்கூட இருந்தது. முகத்தை நினைத்தால் தெருப்பிள்ளைகள் முகமெல்லாம் கலந்து வந்தது. தொண்ணூற்றெட்டாம் வருஷத்துப் படம் அங்கே தொங்குகிறது, வேண்டும்போது போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்ற தைரியத்தில்தான் அவள் இவ்வளவு நாள் போகாமலே இருந்தாள். கைக்குழந்தையாய் இருந்தபோது எடுத்த படங்களில் அவன் துணிமூட்டைதான், நடக்க ஆரம்பித்த பிறகு எடுத்ததில் தலையை ஆட்டி ஆட்டி முகம் கலங்கிப்போயிருந்தது. முகம் என்று இருந்தால் அந்தக் கடைசிப் படத்தில்தான். அதுவும் கப்பல் ஏறிவிட்டால் என்ன செய்வது? பெற்ற தாய்க்குப் பிள்ளை முகம் மறந்துபோச்சு என்று எந்த வாயால் சொல்லுவாள்?

வெள்ளிக்கிழமை டப்பாக்களை ஏற்றிக்கொண்டு டப்பாக்காரன் போனதும் கையைக் கழுவினாள். அவரைப் பார்த்துக்கொள்ளும்படி வைஷாலியிடம் ஜாடை காட்டிவிட்டுத் தண்டவாளத்தைத் தாண்டினாள். மேற்கே கருத்துக்கொண்டு வந்தது. மழைக்காலத்துக்கு முன்னால் வந்து ஏமாற்றிவிட்டுப் போகிற மேகம். புழுக்கத்தில் புடவை முதுகோடு ஒட்டிக்கொண்டது.

ஹாலில் ப்ரீத்தி தரையில் உட்கார்ந்து படங்களைத் துடைத்துக்கொண்டிருந்தாள். சுவரில் படம் இருந்த இடமெல்லாம் வெள்ளையாகச் சதுரம் சதுரமாகத் தெரிந்தது. ருக்மிணியைப் பார்த்ததும் அவளுக்கு எழுந்திருப்பதா உட்கார்ந்திருப்பதா என்று புரியவில்லை. தொண்ணூற்றெட்டு என்று மட்டும் ருக்மிணி சொன்னாள். ப்ரீத்தி கேள்வி கேட்காமல் தேடி எடுத்துக் கொடுத்தாள்.

முந்தானையால் கண்ணாடியைத் துடைத்துவிட்டு ருக்மிணி பார்த்தாள். நடுவில் ஊழியர். அவருக்குப் பக்கத்தில் காரியதரிசி நாற்காலி காலியாக இருந்தது. அவள் புருவத்தைச் சுருக்கினாள். பின்வரிசையில் தேடினாள், ஆம்பிளைகள் ஓரத்தில் தேடினாள். கடைசியில் கீழே, பாயில் உட்கார வைத்திருந்த பிள்ளைகளுக்கு நடுவில் கண்டுபிடித்தாள். முழுக்கால் சட்டையோடு, முழங்காலை மடக்கிக்கொண்டு, பிள்ளைகளோடு பிள்ளையாகத் தவசீலன் உட்கார்ந்திருந்தார். மடியில் துணி சுற்றின கீர்த்தி. எல்லாரும் காமிராவைப் பார்க்க, அவர் மட்டும் குனிந்து பிள்ளையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் வலது கை கீர்த்தியின் நெற்றிக்கு மேலே கூரையாகக் கவிந்திருந்தது. லேத்தில் நசுங்கின கட்டைவிரல் நகம்கூடத் தெரிந்தது. கைக்குக் கீழே பிள்ளையின் முகம் முழுக்க நிழல். கன்னம் எது, கண் எது என்று ஒன்றும் தெரியாத கருப்பு.

"பெருசாக்கு, கண்ணு" என்றாள் ருக்மிணி.

ப்ரீத்தி லேப்டாப்பில் பெரிதாக்கினாள், வெளிச்சத்தைக் கூட்டினாள். கருப்பு சாம்பலாகி, சாம்பல் பொரிப்பொரியாக உடைந்தது. முகம் வரவே இல்லை. ருக்மிணி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். ப்ரீத்திக்கு மனசு கேட்கவில்லை.

"ஆன்ட்டி, இப்போ ஏஐ இருக்கு. மத்லப்... அதாவது, உங்க ஃபோட்டோ, அங்கிள் ஃபோட்டோ குடுத்தா, அதுவே ஃபேஸ் போட்டுத் தரும். பாத்தா நெஜம் மாதிரியே இருக்கும்."

"யாரோ ஒரு புள்ள மொகம் எனக்கு இன்னாத்துக்கும்மா?" என்றாள் ருக்மிணி.

தகரக் கூரையில் நாலு தூறல் விழுந்து நின்றது. ருக்மிணி அடுத்த வருஷத்துப் படத்தை இழுத்தாள். எதற்கு என்று அவளுக்கே தெரியாது. வயிற்றெரிச்சலை ஆற்றிக்கொள்ளத்தான் என்று வைத்துக்கொள்ளலாம். பிள்ளை போன மறு வருஷமே எந்த நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார் பார்ப்போம் என்று தேடினாள். இல்லை. அதற்கடுத்ததிலும் இல்லை. படங்களை மாற்றி மாற்றி எடுத்தாள். ஆட்கள் குறைந்துகொண்டே வந்தார்கள், கருப்பு வெள்ளை போய்க் கலர் வந்தது, தலைகள் நரைத்தன. தவசீலன் எதிலுமே இல்லை.

"இவரு எங்க?"

"அங்கிள் எப்படி இருப்பாரு? அவர்தானே எடுப்பாரு" என்றாள் ப்ரீத்தி, இதுகூடத் தெரியாதா என்கிற மாதிரி. "நான் பொறந்ததுலேந்து அவர்தான் ஃபோட்டோக்ராஃபர். தாத்தா கூப்பிட்டாக்கூட வந்து நிக்க மாட்டாரு. நான் சபையில இல்ல, வெளில நின்னு எடுக்கறேன்னு சொல்லுவாராம். உங்களுக்குத் தெரியும்னு நெனச்சேன், ஆன்ட்டி."

படத்தில் இல்லாதவன் சபையில் இல்லாதவன். அந்தச் சட்டத்தைக் கட்டிக்கொண்டு அழுத மனுஷன், அதே சட்டத்தால் தன்னைத்தானே தள்ளி வைத்துக்கொண்டிருக்கிறார். ஒரு வருஷம் இரண்டு வருஷமா? ருக்மிணி வெளியே நின்ற காலம் பூராவும் அவரும் வெளியேதான் நின்றிருக்கிறார். ஒரே வீட்டில், ஒரே பாயில் படுத்துக்கொண்டு, அது அவளுக்குத் தெரியவில்லை.

வீட்டுக்கு வந்து கஞ்சியை ஆற்றி எடுத்துக்கொண்டு போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். வழக்கமாகக் கிண்ணத்தை வைத்துவிட்டு வந்துவிடுவாள். அவள் உட்கார்ந்ததைப் பார்த்து அவர் பயந்துபோனார்.

"சபைக்குப் போயிருந்தேன்" என்றாள். "படத்தப் பாத்தேன்."

தவசீலன் கண்ணை மூடிக்கொண்டார். மூச்சு இழுத்தது. தலையணையை நிமிர்த்தி வைத்தாள்.

"அவன் மொகத்த நான் மறச்சிட்டேன், ருக்கு" என்றார். நிறுத்தி நிறுத்தித்தான் பேச முடிந்தது. "வெயில் படக் கூடாதுன்னுதான் கைய வச்சேன். படம் கழுவி வந்தப்பதான் பாத்தேன். ஒனக்கு இருந்தது அது ஒண்ணுதான். அதையும் நான் கெடுத்துட்டேன். எப்படிச் சொல்லுவேன்? நீ வந்து பாத்துடப் போறியேன்னு ஒவ்வொரு வருஷமும் பயந்துக்கினே இருந்தேன்."

"அப்பறம் ஏன் படத்துல நிக்கல?"

"புள்ளையத் தூக்கிக்கினு போனவன் நான். நீ வெளிய நிக்கிற. நான் எப்படி உள்ள நிக்கிறது?"

"எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம் இல்ல?"

"சொன்னா, பாரு நானும் தண்டன அனுபவிக்கறேன்னு காட்டின மாதிரி ஆயிடும்."

ருக்மிணிக்கு ஆத்திரமாக வந்தது, அழுகையாகவும் வந்தது. எது முன்னால் வருவது என்று தெரியாமல் கஞ்சியைக் கரண்டியால் கலக்கிக்கொண்டே இருந்தாள். பிறகு, யாரிடமும் சொல்லாததைச் சொன்னாள்.

"எனக்கு அவன் மொகம் மறந்துபோச்சு. உங்களுக்கு ஞாபகம் இருக்குதா?"

அவர் கண்ணைத் திறந்து அவளைப் பார்த்தார். பிறகு மெதுவாகச் சொல்ல ஆரம்பித்தார். இடது புருவம் பாதியில் நின்றுவிடும், மிச்சத்துக்கு நீ மை வைத்து வரைவாய் என்றார். முன்பல் இரண்டுக்கும் நடுவில் சந்து, அது வழியாகத் தண்ணீர் பீய்ச்சுவான். சிரிக்கும்போது வலது கண் மட்டும் சின்னதாகும், அது உன் அப்பா மாதிரி. மூக்கு நுனியில் அம்மைத் தழும்பு ஒன்று. தூங்கும்போது கீழுதடு உள்ளே மடிந்துவிடும். ஒவ்வொன்றுக்கும் நடுவில் மூச்சு வாங்கினார். போதும், பிறகு சொல்லலாம் என்று அவள் சொல்லவில்லை. அவளுக்குப் போதவில்லை. அவர் சொல்லச் சொல்ல புருவம் வந்தது, பல் வந்தது. மூக்குத் தழும்பு வந்தபோது அவள் வாயில் முந்தானையை அடைத்துக்கொண்டாள். இவ்வளவு வருஷமும் பிள்ளை முகத்தை அவர் இந்த வீட்டிலேயே வைத்துக்கொண்டு இருந்திருக்கிறார். இவள்தான் கேட்கவே இல்லை.

கஞ்சி ஆறிப்போயிற்று. சுட வைத்து எடுத்து வந்து ஊட்டினாள்.

ஞாயிற்றுக்கிழமை டப்பாக்காரனின் டெம்போவில் மெத்தை போட்டு, வைஷாலி புருஷனும் இன்னொருத்தரும் தவசீலனைத் தூக்கி ஏற்றினார்கள். ருக்மிணி கருப்புக் குடையை விரித்து அவர் தலைக்கு மேலே பிடித்துக்கொண்டே வந்தாள். ஹால் வாசலில் எல்லாரும் காத்திருந்தார்கள். அவள் வருவதைப் பார்த்ததும் வழி விட்டு ஒதுங்கினார்கள். ஒரு கிழவர் மட்டும் வாம்மா என்றார். வழக்கம்போல வாசல் வெயிலில் நாற்காலி போட்டிருந்தார்கள். ருக்மிணி அதை ஒரு கையால் இழுத்துக்கொண்டு போய் வேப்பமரத்துக்கு அடியில் போட்டாள்.

"நெழல்லதான் எடுக்கணும்" என்றாள். அத்தனை காலம் வாசலில் மட்டுமே எடுத்த சபை, மறு பேச்சில்லாமல் மரத்தடிக்கு நகர்ந்து வந்தது.

தவசீலனை நடு நாற்காலியில் உட்கார வைத்தார்கள். அவர் திமிறினார், நான் எடுக்கிறேன், ஸ்டாண்டுகிட்டக் கொண்டு போங்க என்றார். ருக்மிணி அவர் தோளை அமுக்கி உட்கார வைத்துச் சட்டைப் பொத்தானைப் போட்டுவிட்டாள். ப்ரீத்தி காமிராவை ஸ்டாண்டில் மாட்டி, தானே எடுத்துவிட்டு ஓடி வந்து நிற்கிற மாதிரி டைமர் வைக்கலாம் என்றாள். ஆன்ட்டி, நீங்க அங்கிள் பக்கத்துல நில்லுங்க என்றாள்.

"நீ போய் நில்லு. நான் எடுக்கறேன்."

"அப்போ நீங்க படத்துல இருக்க மாட்டீங்களே, ஆன்ட்டி."

"தெரியும். அவரு நின்ன எடத்துல கொஞ்சம் நான் நிக்கிறேன். எதை அமுக்கணும், காட்டு."

ப்ரீத்தி காட்டிவிட்டுப் போய் ஓரத்தில் நின்றாள். ருக்மிணி குனிந்து சின்னத் திரையைப் பார்த்தாள். எண்ணிவிடுகிற அளவு தலைகள். நடுவில் அவர். வேப்பிலை நிழல் அவர் மடியில் அசைந்தது, முகத்தில் இல்லை. நிமிர்ந்தால் முகம் நன்றாகத் தெரியும். மற்ற எல்லாரும் காமிராவைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர் மட்டும் தலை குனிந்து, மடியில் கிடந்த தன் வலது கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். தலையை நிமிர்த்துங்க என்று ப்ரீத்தி சொன்னாள், பக்கத்திலிருந்தவர் தோளைத் தொட்டுச் சொன்னார். அவர் காதில் விழுந்த மாதிரியே தெரியவில்லை.

ருக்மிணி விரலைப் பொத்தான் மேல் வைத்துக்கொண்டு, குரலைக் கொஞ்சம் உயர்த்திக் கூப்பிட்டாள்.

"கீர்த்திப்பா. இங்க பாருங்க."

தவசீலன் நிமிர்ந்து பார்த்தார். அவள் அமுக்கினாள்.